அழுத்திய பட்டன் எங்கே தொலைகிறது?

லீனியேஜ் ஓஎஸ் மாதிரி ஒரு கஸ்டம் ரோம் (கம்பெனி தந்ததற்குப் பதிலாக நாமே ஏற்றும் ஆண்ட்ராய்டு) ஓடும் போனில் ஏதாவது பட்டன் படுத்துவிட்டால், பலரும் முதலில் செய்வது ரோமை அழித்து மறுபடி ஏற்றுவதுதான். அதிலும் சரியாகவில்லை என்றால் வேறொரு ரோம், வேறொரு கெர்னல் (வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அடித்தள நிரல்). படங்களும் செய்திகளும் அழிந்ததுதான் மிச்சம். பட்டன் அப்படியேதான் இருக்கும். பழுது எந்த இடத்தில் என்று பார்க்க அரை மணி நேரம்கூடத் தேவையில்லை. அதைப் பார்க்காமல் ஃப்ளாஷ் செய்வதில் எந்தப் பயனும் இல்லை.

பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஏதாவது நடப்பதற்கும் நடுவே பல கைகள் மாறுகின்றன. பட்டனுக்கு அடியில் குமிழ் வடிவத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. கடைக்காரர்கள் டோம் என்பார்கள். அது அமுங்கி இரண்டு செம்புத் தடங்களைச் சேர்க்கிறது. அந்தச் சேர்க்கை ஃப்ளெக்ஸ் கேபிள் வழியாக போர்டுக்குப் போகிறது. கெர்னலில் உள்ள டிரைவர் அதைக் கவனித்து ஓர் எண்ணாக மேலே அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு அந்த எண்ணை ஒரு அட்டவணையில் தேடி, ‘இது பவர்’, ‘இது பேக்’ என்று பெயர் வைக்கிறது. அதற்கும் மேலே ரோமின் அமைப்புகள், அணுகல்தன்மைச் சேவைகள், கடைசியில் ஆப். அழுத்தம் இதில் எந்தப் படியில் தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டு இல்லாத இடத்தில் அழுத்திப் பாருங்கள்

முதலில் போனின் கவரைக் கழற்றுங்கள். இறுக்கமான கவர் ஓரப் பட்டனை அரைகுறையாக அமுக்கிப் பிடித்திருப்பது மிகச் சாதாரணம். கவர் இல்லாமல் சரியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது பூட்லோடர். அது ஆண்ட்ராய்டு எழுவதற்கு முன்பே ஓடும் தனி நிரல். நீங்கள் எந்த ரோம் ஏற்றியிருந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் ‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’ என்று கொடுத்து அங்கே போங்கள் (அதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங் இயக்கத்தில் இருக்க வேண்டும்). பிக்ஸல், மோட்டோரோலா போன்களில் அங்கே ஒரு மெனு வரும். வால்யூம் பட்டன்கள் மெனுவில் ஏறி இறங்கும், பவர் தேர்வு செய்யும். மூன்றும் அங்கே ஒழுங்காக வேலை செய்து ஆண்ட்ராய்டில் மட்டும் செய்யவில்லை என்றால் திருப்புளியைத் தொடவே வேண்டாம். அங்கேயும் செய்யவில்லை என்றால் எந்த ரோமும் அதைச் சரிசெய்யாது.

ரெட்மி போன்களில் ஃபாஸ்ட்பூட் எனப்படும் பூட்லோடர் திரையில் மெனு கிடையாது, வெறும் படம்தான். அங்கே வேறு வழி: போனை அணைத்துவிட்டு பவரும் வால்யூம் அப்பும் சேர்த்துப் பிடித்தால் ரிகவரி (பழுதுநீக்கும் தனித் திரை) வர வேண்டும், பவரும் வால்யூம் டவுனும் சேர்த்துப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட். எது வருகிறது, எது வரவில்லை என்பதிலிருந்தே எந்தப் பட்டன் பழுது என்று தெரிந்துவிடும்.

பவர் பட்டனுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. பல போன்களில் அதைப் பத்துப் பதினைந்து நொடி விடாமல் பிடித்தால், மின்சாரத்தைப் பங்கிடும் பிஎம்ஐசி சிப்பே ஆண்ட்ராய்டைக் கேட்காமல் போனை ரீஸ்டார்ட் செய்துவிடும். சிறு அழுத்தத்துக்கு ஒன்றும் நடக்காமல், நீண்ட அழுத்தத்துக்கு ரீஸ்டார்ட் ஆனால் டோமும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன.

கெட்ஈவென்ட் சொல்வதைப் படிப்பது

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, போனைக் கணினியில் செருகி இதைக் கொடுங்கள்:

ஏடிபி ஷெல் கெட்ஈவென்ட் -எல்டி

இதற்கு ரூட், அதாவது முழு நிர்வாக உரிமை, தேவையில்லை. கெர்னல் மேலே அனுப்பும் ஒவ்வொரு அழுத்தமும் நேரத்தோடு திரையில் விழும். தொடுதிரையைத் தொடாமல், சந்தேகப்படும் பட்டனை மட்டும் ஒரு முறை அழுத்தி விடுங்கள். நல்ல பட்டன் என்றால் ஒரு டவுன், ஒரு அப், ஒவ்வொன்றின் பின்னும் பதிவு முடிந்ததைக் குறிக்கும் ஒரு சின் வரி. அவ்வளவுதான் வர வேண்டும். தேய்ந்த பவர் பட்டன் இப்படிக் காட்டும் (சின் வரிகளை விட்டுவிட்டேன்):

[8421.316204] ஈவி_கீ கீ_பவர் டவுன்
[8421.347118] ஈவி_கீ கீ_பவர் அப்
[8421.371540] ஈவி_கீ கீ_பவர் டவுன்
[8421.468092] ஈவி_கீ கீ_பவர் அப்

விரல் அழுத்தியது ஒரு முறைதான். ஆனால் 31 மில்லிசெகண்டில் விட்டு, அடுத்த 24 மில்லிசெகண்டில் மறுபடி அழுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. மனித விரலால் 24 மில்லிசெகண்டில் எடுத்து அழுத்த முடியாது. பல குவால்காம் போன்களில் சுமார் 15 மில்லிசெகண்டுக்கு உட்பட்ட அதிர்வுகளைப் போனே வடிகட்டிவிடும். அதையும் தாண்டி இது வருகிறது என்றால் டோம் தேய்ந்துவிட்டது. ‘திரை எரிந்த வேகத்தில் அணைகிறது’ என்ற புகாருக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது இந்த நான்கு வரிகள்தான். இப்படி 300 மில்லிசெகண்டுக்குள் இரண்டு அழுத்தமாக விழுந்தால் கேமரா தானாகத் திறப்பதும் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் பவரை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதியும் இருக்கிறது. பட்டன் இப்படித் துள்ளும் போனில் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்; நள்ளிரவில் பாக்கெட்டிலிருந்து காவல்துறைக்கு அழைப்பு போவது விளையாட்டில்லை.

டவுன் வந்து அப் வரவே இல்லை என்றால் பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதுவுமே வரவில்லை என்றால் பழுது கெர்னலிலோ அதற்குக் கீழேயோ. டவுனும் அப்பும் அழகாக வந்து, ஆனால் போன் அசையவில்லை என்றால் பழுது மேலே. ரோம் மாற்றிப் பார்ப்பதற்கு ஓரளவாவது நியாயம் இருப்பது இந்தக் கடைசி நிலையில்தான்.

எந்தெந்தப் பட்டன்கள் சேர்ந்து படுக்கின்றன என்பதும் தகவல்தான். ஸ்னாப்டிராகன் 625 கொண்ட ரெட்மி நோட் 4ஐ எடுத்துக்கொள்வோம். அந்தச் சிப் குடும்பத்தின் வழக்கமான அமைப்பில் பவரும் வால்யூம் டவுனும் பிஎம்ஐசி சிப்புக்குப் போகின்றன. கெர்னலில் அவை ‘க்யூபிஎன்பி_பான்’ என்ற பெயரில் தெரியும். வால்யூம் அப் மட்டும் தனியாக ‘ஜிபிஐஓ-கீஸ்’ என்ற பெயரில் வரும். வால்யூம் டவுன் வேலை செய்து வால்யூம் அப் மட்டும் செத்திருந்தால் ‘ஒரே பட்டையின் இரு முனைதானே, எப்படி?’ என்று குழம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு பாதை. கெர்னல் மாற்றிய பிறகு இப்படி ஆனால் அந்தக் கெர்னலின் டிவைஸ் ட்ரீயில் (எந்த வன்பொருள் எங்கே என்ற பட்டியல்) வால்யூம் அப்புக்கான பின், அதாவது இணைப்பு முனை, விடுபட்டிருக்கலாம். பழைய கெர்னலின் பூட் இமேஜை மட்டும் ஏற்றிப் பாருங்கள், தகவல் எதுவும் அழியாது. மாறாக மூன்றும் ஒன்றாகச் செத்திருந்தால் ஃப்ளெக்ஸ் கேபிளோ அதன் கனெக்டரோதான்.

வால்யூம் தானாக ஏறி இறங்குகிறது என்பவர்கள் கெட்ஈவென்டை -எல்டி இல்லாமல் -பி என்று ஒரு முறை ஓட்டி, எந்த ஈவென்ட் எண் எந்தச் சாதனம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பேய் அழுத்தம் ‘பட்டன் ஜாக்’ என்று முடியும் சாதனத்திலிருந்து வந்தால் குற்றவாளி இயர்போன் துளை. இயர்போனின் பட்டன்களைப் போன் மின்தடையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது: ஆண்ட்ராய்டு விதிப்படி சுமார் 240 ஓம் என்றால் வால்யூம் அப், 470 ஓம் என்றால் வால்யூம் டவுன், பூஜ்யத்துக்கு அருகே என்றால் பிளே. துளையிலோ பிளக்கிலோ உள்ள ஈரமும் அழுக்கும் இந்த எல்லைக்குள் வந்து விழுந்தால் போன் அதைப் பட்டன் என்றே நம்பும். ஓரப் பட்டனைக் கழற்றிப் போட்டாலும் இது நிற்காது.

கெர்னல் சொல்கிறது, ஆண்ட்ராய்டு கேட்கவில்லை

எளிதானவற்றை முதலில் கழித்துவிடுவோம். லீனியேஜ் ஓஎஸ்ஸில் அமைப்புகள், சிஸ்டம், பட்டன்ஸ் என்று போனால் பட்டன்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே திரையில் தெரியும் நேவிகேஷன் பாரை இயக்கினால் திரைக்குக் கீழே உள்ள தொடு பட்டன்கள் அணைந்துவிடும். பழுது இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வால்யூம் பட்டனை அழுத்தித் திரையை எழுப்புவது, திரை அணைந்திருக்கும்போது நீண்ட அழுத்தத்தில் பாட்டு மாற்றுவது, போனைத் திருப்பும்போது வால்யூம் திசை மாறுவது எல்லாமே அதே பக்கத்தில் உள்ள தனித்தனி ஸ்விட்சுகள். ஆண்ட்ராய்டு 12க்குப் பிந்தைய சில ரோம்களில் பவரை நீண்ட நேரம் பிடித்தால் அணைக்கும் மெனுவுக்குப் பதில் அசிஸ்டண்ட் வரும். ஜெஸ்ச்சர்ஸ் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டன்களுக்கு வேறு வேலை கொடுக்கும் ஆப் ஏதாவது அணுகல்தன்மை அனுமதியோடு இருந்தால் அது அழுத்தத்தை வழியிலேயே விழுங்கிவிடும். நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் அந்த ஆப்தான்.

இதெல்லாம் இல்லை என்றால் அட்டவணைக்கு வருவோம். கெர்னல் அனுப்பும் எண்ணைப் பெயராக்கும் கோப்புக்கு கீ லேஅவுட் என்று பெயர். ‘கேஎல்’ என்று முடியும். அதன் வரிகள் மிக எளியவை:

கீ 114 வால்யூம்_டவுன்
கீ 115 வால்யூம்_அப்
கீ 116 பவர்
கீ 158 பேக்

கெட்ஈவென்டை -எல் இல்லாமல் ஓட்டினால் எண்கள் பதினாறின் அடிமானத்தில் வரும்: 0072, 0073, 0074. கேஎல் கோப்பில் வழக்கமாகத் தசம எண். இந்த இரண்டையும் குழப்பி ‘கீ 74’ என்று எழுதிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. 74 பதினாறடிமானத்தில் என்றால் ஏழு பதினாறு, கூட நான்கு, ஆக 116.

எந்தக் கோப்பு உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ‘ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் இன்புட்’ கொடுத்தால் ஒவ்வொரு சாதனத்தின் கீழும் கீலேஅவுட்ஃபைல் என்று முழுப் பாதையும் வரும். ஓடிஎம், வெண்டர், சிஸ்டம் என்று மூன்று இடங்களில் கோப்புகள் இருக்கலாம். நீங்கள் திருத்துவது ஒன்று, போன் படிப்பது இன்னொன்று என்பது அடிக்கடி நடக்கும். சாதனத்தின் பெயரில் கோப்பு இல்லையென்றால் ஜெனரிக் கேஎல்லுக்குப் போய்விடும். பழைய ரோமிலிருந்து கோப்பை அப்படியே நகலெடுத்து வைப்பதிலும் ஆபத்து உண்டு: ‘வேக்_டிராப்டு’ போன்ற, இப்போது நீக்கப்பட்டுவிட்ட சொல் ஒரே ஒரு வரியில் இருந்தாலும் ஆண்ட்ராய்டு கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். ஆண்ட்ராய்டின் பதிவேடான லாக்கேட்டில் அந்த வரியின் எண்ணோடு பிழை பதிவாகியிருக்கும்.

திருத்துவதற்கு சிஸ்டம் பிரிவைத் தொடத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆண்ட்ராய்டு கேஎல் கோப்பைத் தேடும்போது சாதனத்தின் பெயருக்கு முன்னால் அதன் வெண்டர், புராடக்ட் எண்களில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. தேடும் இடங்களில் டேட்டா பிரிவும் ஒன்று. டம்ப்சிஸ் இன்புட்டில் ஜிபிஐஓ-கீஸின் ஐடென்டிஃபையர் வரியைப் பாருங்கள். வழக்கமாக வெண்டர் 0001, புராடக்ட் 0001 என்றிருக்கும். அப்படியானால்:

1. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரூட்டட் டீபக்கிங்கை இயக்கி ‘ஏடிபி ரூட்’ கொடுங்கள்.
2. இப்போது பயன்பாட்டில் உள்ள கேஎல் கோப்பை முழுதாகக் கணினிக்கு எடுத்துத் திருத்துங்கள். ஒரு வரியை மட்டும் எழுதி வைத்தால் மற்றப் பட்டன்கள் போய்விடும். ஒரு சாதனத்துக்கு ஒரு கோப்புதான் ஏறும்.
3. அதை ‘வெண்டர்_0001_புராடக்ட்_0001.கேஎல்’ என்ற பெயரில் டேட்டா/சிஸ்டம்/டிவைசஸ்/கீலேஅவுட் அடைவில் வையுங்கள். அடைவு இல்லையென்றால் உருவாக்குங்கள்.
4. உரிமை சிஸ்டம், அனுமதி 644, பிறகு அந்த அடைவின் மேல் ‘ரீஸ்டோர்கான் -ஆர்’, ரீபூட்.

வாராந்திர அப்டேட் வந்தாலும் இது அழியாது, ஏனென்றால் அப்டேட் டேட்டாவைத் தொடுவதில்லை. எண்கள் 0000 என்று இருக்கும் சாதனத்துக்கு இந்த வழி பலிக்காது. அதற்கு ரூட் கருவியான மேஜிஸ்க்கின் மாட்யூல்தான்.

தொடு பட்டன்கள் தனி இனம்

திரைக்குக் கீழே ஒளிரும் பேக், ஹோம், ரீசண்ட்ஸ் ஆகியவற்றில் டோமும் கிடையாது, கேபிளும் கிடையாது. தொடுதிரையின் சிப்தான் அவற்றையும் பார்த்துக்கொள்கிறது. டிஸ்ப்ளே மாற்றிய மறுநாளே அவை செத்துப்போவது இதனால்தான். கடையில் போட்ட பேனலில் வேறு நிறுவனத்தின் தொடு சிப் இருக்கும். கம்பெனியின் கெர்னலில் அந்தச் சிப்புக்கும் டிரைவர் இருக்கலாம். கஸ்டம் கெர்னலைக் கட்டியவர் தன் கையில் உள்ள பேனலுக்கு மட்டும் பார்த்திருப்பார். தொடுதிரை வேலை செய்து பட்டன்கள் மட்டும் செய்யாமல் இருப்பதும் உண்டு: சில டிரைவர்களில் பட்டன் என்பது கண்ணாடியின் ஒரு மூலையில் வரையப்பட்ட செவ்வகம். சிஸ்/போர்டு_ப்ராபர்ட்டீஸ் அடைவில் ‘வர்ச்சுவல்கீஸ்’ என்று தொடங்கும் கோப்பில் அந்தச் செவ்வகங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0எக்ஸ்01 என்று தொடங்கி, பட்டன் எண், மையத்தின் கிடை, நெடு அளவுகள், அகலம், உயரம் என்று ஆறு மதிப்புகள், நடுவே முக்காற்புள்ளி. கோப்பின் பெயரில் உள்ள தொடு சாதனம் உங்கள் போனில் கெட்ஈவென்ட் காட்டும் சாதனத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆண்ட்ராய்டுக்கு அந்தச் செவ்வகங்கள் இருப்பதே தெரியாது.

விளக்கு எரியவில்லை என்பது வேறு பிரச்சினை, பெரும்பாலும் பட்டன்ஸ் பக்கத்தில் உள்ள பேக்லைட் அமைப்பு. ரீசண்ட்ஸ் அழுத்தினால் மெனு வருகிறது என்றால் அந்தப் பட்டன் 139 என்ற மெனு எண்ணை அனுப்புகிறது. கேஎல் வரியில் மெனு என்பதை ஆப்_ஸ்விட்ச் என்று மாற்றினால் போதும்.

லீனியேஜ் ஓஎஸ்ஸை உங்கள் போனுக்குக் கட்டுபவராக நீங்களே இருந்தால் ‘கான்ஃபிக்_டிவைஸ்ஹார்டுவேர்கீஸ்’ என்ற எண்ணைச் சரிபாருங்கள். ஹோம் 1, பேக் 2, மெனு 4, அசிஸ்ட் 8, ரீசண்ட்ஸ் 16, கேமரா 32, வால்யூம் 64. இருப்பதையெல்லாம் கூட்ட வேண்டும். ஹோம், பேக், ரீசண்ட்ஸ், வால்யூம் உள்ள போனுக்கு 83. இது தவறினால் பட்டன்ஸ் பக்கத்தில் அந்தப் பட்டனுக்கான அமைப்பே தோன்றாது.

ஒட்டிக்கொண்ட பட்டன் போடும் வேஷங்கள்

ஒட்டிய பட்டன் தன்னைப் பட்டன் பழுதாகக் காட்டிக்கொள்ளாது. வால்யூம் டவுன் ஒட்டினால் போன் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும், அல்லது ஃபாஸ்ட்பூட்டில் போய் நிற்கும். வால்யூம் அப் ஒட்டினால் பல போன்களில் ரிகவரி. பவர் ஒட்டினால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ, அப்படியே பூட்லூப். புது ரோம் ஏற்றிய அன்று இது நடந்தால் ரோம் கெட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். அடையாளம் ஒன்று இருக்கிறது: ரோம் கெட்டால் பூட்லூப் ஒரே இடத்தில், ஒரே நேர இடைவெளியில் நிகழும். பவர் பட்டன் ஒட்டினால் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். பட்டனைச் சுற்றித் தட்டினால் சில நேரம் எழுந்தும்விடும்.

ஒட்டிய வால்யூம் டவுனை மேஜிஸ்க் மாட்யூல் வைத்து அடக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பூட் ஆகும்போது வால்யூம் டவுன் அழுந்தியிருந்தால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் நிறுத்திவிடும். உங்கள் மருந்தும் அதில் சேர்த்தி.

மீட்டரும் ஆல்கஹாலும்

பூட்லோடரிலும் செத்த பட்டன் என்று உறுதியான பிறகுதான் போனைத் திறக்க வேண்டும். திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஃப்ளெக்ஸை போர்டிலிருந்து எடுத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பட்டனின் இரு முனைகளில் வையுங்கள். அழுத்தாதபோது ஓஎல், அதாவது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே ஈரமோ வியர்வை உப்போ இருக்கிறது. அழுத்தும்போது ஓரிரு ஓம். எண் சற்றுக் கூடுதலாக இருப்பது பெரிய குற்றமில்லை. அது நிலையாக நிற்காமல் 5, 300, 40 என்று துள்ளினால்தான் டோம் முடிந்தது என்று அர்த்தம்.

ஈரம் என்றால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, பட்டனின் ஓரத்தில் தடவி, இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விட்டு, அரை மணி நேரம் காயவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி தண்ணீர். துள்ளும் டோமை ஆல்கஹால் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஓரப் பட்டன் ஃப்ளெக்ஸ் விலை மலிவான பாகம். போன் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. ஃப்ளெக்ஸ் சரி, ஆனால் பட்டன் இன்னும் செத்தே இருக்கிறது என்றால் போர்டில் அந்தக் கோட்டின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பல குவால்காம் போர்டுகளில் சுமார் 1.8 வோல்ட் இருக்கும், அழுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்கும். அழுத்தாமலே பூஜ்யம் என்றால் கனெக்டர் பின்னோ அதற்குப் பின்னால் உள்ள சின்ன பாகமோ ஷார்ட். அது மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர் வேலை.

பவர் பட்டன் இல்லாமல் சில நாள்

பாகம் வரும்வரை போனை ஓட்டலாம். திரையை அணைக்க, ஸ்டேட்டஸ் பாரை இருமுறை தட்டும் வசதி லீனியேஜ் ஓஎஸ்ஸில் இருக்கிறது. எழுப்ப, போன் ஆதரித்தால் இருமுறை தட்டல், இல்லையென்றால் வால்யூம் பட்டன் எழுப்பும் அமைப்பு. வால்யூம் பட்டன் விழித்திருக்கும்போது வேலை செய்து, போன் ஆழ்ந்து தூங்கியதும் எழுப்ப மறுத்தால் அந்தக் கெர்னலின் டிவைஸ் ட்ரீயில் அந்தப் பட்டனுக்கு ‘வேக்அப்-சோர்ஸ்’ குறிக்கப்படவில்லை. மேலே சொன்ன கேஎல் வழியில் ‘கீ 115 பவர்’ என்று எழுதினால் வால்யூம் அப்பே பவராகிவிடும். ஆனால் பூட்லோடர் கேஎல் கோப்பைப் படிப்பதில்லை. அணைந்த போனை அதால் எழுப்ப முடியாது.

அணைந்த போனுக்குத்தான் உண்மையான கவலை. பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால், சார்ஜர் செருகினால் பேட்டரிப் படம் மட்டும் வந்து நிற்கும். பிக்ஸல், பழைய நெக்ஸஸ், இன்னும் சில போன்களில் ஃபாஸ்ட்பூட்டில் இருக்கும்போதே இதைக் கொடுத்து வைக்கலாம்:

ஃபாஸ்ட்பூட் ஓஈஎம் ஆஃப்-மோட்-சார்ஜ் 0

இதன் பிறகு சார்ஜர் செருகியதுமே போன் தானாக ஆண்ட்ராய்டுக்கு எழும். ‘அறியாத கட்டளை’ என்று பதில் வந்தால் உங்கள் பூட்லோடருக்கு இது தெரியாது. அப்போது பேட்டரியை 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள், யூஎஸ்பி டீபக்கிங்கை அணைக்காதீர்கள், உங்கள் கணினிக்கு எப்போதும் அனுமதி என்று டிக் செய்து வையுங்கள். ‘ஏடிபி ரீபூட்’, ‘ஏடிபி ஷெல் இன்புட் கீஈவென்ட் 26’ இரண்டும் பவர் பட்டனின் இடத்தில் நிற்கும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் பூட்லோடரைப் பூட்டித் தருகிறேன் என்று மட்டும் இறங்க வேண்டாம். கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் பல போன்கள் எழவே எழாது. அப்போது பட்டன் சரியாகி வந்தும் பயனில்லை.